எரிந்ததாக எழுதிய விளக்கு

1

இந்த நாட்டுக்கு வந்து போன வாரத்தோடு பத்தொன்பது வருடம் ஆகிறது. வருடா வருடம் அந்த நாளையொட்டி வாசகர்களான உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். குளிர், பஸ் பாஸ், மாவு புளிக்காதது, பிள்ளை தமிழில் பதில் சொல்லாதது என்று இதையே திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறேன். நீங்களும் பாவம், முகம் சுளிக்காமல் படித்தீர்கள். இந்தத் தடவை மாவைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு தெருவிளக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இருபத்தோரு வருடமாக எழுதாமல் விட்டது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். பத்து வருடம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, இடுப்பு மக்கர் பண்ணிய பிறகு நகர மன்றத்தில் அரங்கப் பணியாளர் ஆனேன். பெயர்தான் பெரிசு. உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால் மேசை மேல் பெயர்ப்பலகை வைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், மைக்கைச் சோதிக்க வேண்டும். கூட்டம் நடக்கும்போது சுவரோரமாக நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான்.

மாதம் ஒரு நாள் மேயரைக் கேள்வி கேட்கும் நேரம் உண்டு. உறுப்பினர்கள் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பதிலும் முன்கூட்டியே அச்சாகி வந்துவிடும். இளஞ்சிவப்புக் காகிதம். அதை ஒவ்வொரு மேசையிலும் நான்தான் வைப்பேன். கேட்பதற்கு முன்பே பதில் மேசையில் கிடப்பதை முதல் தடவை பார்த்தபோது, அதில் தேதி போட்டிருக்கிறதா என்றுதான் தேடினேன். ஏன் என்று சொல்கிறேன்.

2

நம் பக்கத்து ஒரு பேரூராட்சியில் நான் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் போகும், ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும், அது போதும். மன்றக் கூட்டம் மாதம் ஒரு தடவை. தலைவர் நடுவில், வார்டு உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலியில். டீயும் மிக்சரும் வரும். தீர்மானப் புத்தகம் எழுதுவது என் வேலை.

அதில் ஒரு ரகசியம். அந்தப் புத்தகத்தைக் கூட்டம் முடிந்து எழுதுவதில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே எழுதிவிடுவோம். உறுப்பினர் கேட்டார், தலைவர் பதிலளித்தார், மன்றம் ஏகமனதாக ஏற்றது. எல்லாம் தயாராக இருக்கும். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். கூலி வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் வரமுடியாது என்றால், முதல் நாளே ஆபீசுக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டுவார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஏழாம் வார்டு உறுப்பினர் அஞ்சலை. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. கரும்பு வெட்டப் போகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஜெயித்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் மிக்சர் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். அந்த அம்மா மட்டும் எழுந்து நின்று தலைவரைக் கேட்பார்.

“தரப்பாலத்து லைட்டு இன்னா ஆச்சிங்க தலைவரே?”

அவர் வார்டின் கடைசியில், ஓடைக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வீடுகள். நடுவில் தடுப்புக் கம்பி இல்லாத தரைப்பாலம். அங்கே ஒரு கம்பம் உண்டு. விளக்கு எரிந்து வருடக்கணக்காகிறது. ஓடையில் தண்ணீர் வந்தால் முன்கூட்டியே தெரியாதா என்று கேட்பீர்கள். அந்த ஓடையே ஒரு மாதிரி. மேலே மலையில் மழை பெய்தால், ஊரில் ஒரு பொட்டுக்கூட விழாமல் தண்ணீர் வந்துவிடும். வானத்தில் நட்சத்திரம் இருக்கும். முதலில் தவளைச் சத்தம் நிற்கும். பிறகு ஈர இலை வாசனை வரும். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் பார்த்தால் பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். “மலை எறங்கிடுச்சி” என்பார்கள்.

“லைட்டு இருந்தா பாலத்து மேல தண்ணி கீதா இல்லியான்னு தெரியுங்க. இருட்டுல கால வச்சப்புறந்தான் தெரியுது” என்று அஞ்சலை சொல்வார். தலைவர் “ஆவன செய்யப்படும்மா” என்பார். ஐந்து மாதம் இதே கேள்வி, இதே பதில்.

3

ஆறாவது மாதம், ஐப்பசி. கூட்டம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தம்மா லைட்டு விவகாரத்த முடிச்சி எழுதிடுங்க சேகர். வயர்மேன் கிட்ட சொல்லிட்டேன். கூட்டத்துக்குள்ள எரியும்.”

முடித்து எழுதினேன். ‘ஏழாவது வார்டு தரைப்பாலத்து மின்விளக்கு பழுது நீக்கப்பட்டு எரிகிறது. உறுப்பினர் நேரில் பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்தார்.’ அந்தக் கடைசி வரியைத் தலைவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். என்ன கொழுப்பு பாருங்கள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆபீஸ் மூடுகிற சமயம், அஞ்சலை வந்தார். வியாழக்கிழமை வெட்டுக்குப் போக வேண்டும், வரமுடியாது என்றார். பதிவேட்டை நீட்டினேன். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

“எங் கேள்விக்கு இன்னா எழுதினீங்க சார்?”

“போட்டுடுவாங்க மெம்பரம்மா. எழுதியாச்சி.”

“நீங்க எழுதினா செரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சை நிற ஜாமெட்ரி பாக்சை எடுத்துக் காட்டினார். “பொண்ணுக்கு. ஆறாவது போயிருக்கு இல்ல. காலைல ஒரே அழுவ. நல்லதா இருக்குதா பாருங்க, காம்பஸ் எல்லாம் கீதா?”

திறந்து பார்த்தேன். காம்பஸ், டிவைடர், ஸ்கேல், சின்ன ரப்பர் எல்லாம் இருந்தன. இருக்கிறது என்றேன். பஸ் பிடிக்கணும் என்று வேகமாகப் போனார். அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

4

மறுநாள் காலையில் ஓடைக்குக் கீழே, கரும்புக் கொல்லை ஓரமாகக் கிடைத்தார். பை கிடைக்கவில்லை. ஊரில் முந்தின நாள் மழையே இல்லை.

தலைவர் விடிந்ததும் செய்த முதல் காரியம், வயர்மேன் மாணிக்கத்தை அனுப்பி விளக்கைச் சரிபண்ணியது. இரண்டாவது காரியம், புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னது. பக்கத்துக்கு நம்பர் போட்ட புத்தகம், கிழிக்க முடியாது. தேதிக்கு விட்ட இடத்தில் விரலை வைத்தார். “திங்கக்கெழம போடுங்க.”

போட்டேன். ஆக, திங்கட்கிழமை கூட்டம் நடந்தது; அஞ்சலை வந்திருந்தார், கையெழுத்தும் இருக்கிறது; விளக்கு எரிவதைத் தன் கண்ணால் பார்த்துத் திருப்தி சொன்னார்; செவ்வாய்க்கிழமை இறந்தார். நடக்காத கூட்டத்தில் அவர் பேசிவிட்டார். புத்தகத்தை மூடியபோது மை காயவில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்தத் தேதி இடவலம் மாறி ஒட்டியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஊரே பாலத்துக்கு வந்து பார்த்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் யாரைக் கேட்டாலும், “லைட்டு எரிஞ்சிச்சிங்க, நாங்களே பாத்தோம்” என்றார்கள். பொய் சொல்லவில்லை. பார்த்தது மறுநாள். மனதுக்குள் அது முந்தின நாளாகிவிட்டது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்க விளக்கு செவ்வாய்க்கிழமையே எரிந்தது. வெளிச்சத்தில் யார் தவறி விழுவார்கள்? தானாகத்தான் விழுந்திருப்பாள். வீட்டில் ஏதோ சண்டை. இதைச் சொல்லச் சொல்லி யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் வரி நோட்டீஸ் கொடுக்கப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். கம்பத்துக்கு அடியில் அவர் மகள் செல்வி, பதினொரு வயது, பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சிகள் விளக்கைச் சுற்றிப் பறக்க, அவள் முகத்தில் நிழல் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், எங்கம்மா போன அன்னிக்கி இந்த லைட்டு எரிஞ்சிச்சா?”

தவளைச் சத்தம் நின்றிருந்தது. நான் அவளைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்தேன்.

“எரிஞ்சிச்சிம்மா” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனாள். அழவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமாகாத சமயம், கல்யாணம் நிச்சயமான சமயம் என்றெல்லாம் சொல்லலாம். அது பயம். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் ஏழாம் வார்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. எல்லாப் பொருளும் முடிந்ததும் தலைவர் எழவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். யாரோ கேள்வி கேட்பதற்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு முழு நிமிஷம் போனது. பிறகுதான் நாற்காலிகளை நகர்த்தினோம். இடைத்தேர்தல் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் இதே கதை.

5

மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். ஆமாம், ஓடித்தான் வந்தேன். உங்களுக்கு எழுதியதில் வேறு காரணம் சொல்லியிருப்பேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் படிவம். குடியுரிமைப் படிவத்தில் ஒரு கேள்வி, எப்போதாவது அரசு ஆவணத்தில் பொய்யான தகவல் கொடுத்திருக்கிறீர்களா என்று. ஆம், இல்லை, இரண்டு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. “அப்பா, இட்ஸ் ஈசி, ஜஸ்ட் டிக் நோ” என்றாள். டிக் அடித்தேன். அவளுக்கு இப்போது பதினாறு. வீட்டில் அவள் பேசுகிற ஒரே தமிழ் வார்த்தை ‘அப்பா’தான். அவளுக்கு அஞ்சலையைப் பற்றிச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது, கேட்க அவளுக்குத் தமிழ் போதாது. சௌகரியமாகத்தான் இருந்தது.

6

இனி போன மாதம் நடந்தது.

எங்கள் மன்றத்தில் ஜோன் என்று ஒரு கிழவி உறுப்பினர். எழுபது தாண்டியவர். என் பெயரை ‘ஷேக்கா’ என்று கடித்துத் துப்புவார். அவர் வார்டில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடைபாதைச் சுரங்கம். அதில் விளக்கு எரிவதில்லை. ஏழு மாதமாக மேயரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நான் தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எட்டாவது மாதம், மேசையில் இளஞ்சிவப்புக் காகிதம் வைக்கும்போது படித்தேன். ‘சுரங்கப்பாதை விளக்கு பழுது நீக்கப்பட்டது.’ கூட்டம் நாலரைக்கு. குளிர்காலம் என்பதால் நாலுக்கே இருட்டிவிட்டது. ஜோனின் நாற்காலி காலி. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் தாமதமாக வந்ததில்லை.

மேயர் அவர் பெயரைப் படித்தார். பதிலைப் படித்தார். பிறகு, துணைக் கேள்வி உண்டா என்று காலி நாற்காலியைப் பார்த்தார். அரங்கம் காத்திருந்தது. எனக்கு அந்த அமைதி தெரியும். அதே ஒரு நிமிஷம்.

காது கேளாதவர்களுக்காகச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. பேசுவதை இயந்திரமே எழுத்தாக்கிக் காட்டும். யாரும் பேசாத அந்த நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால், ‘நான் நேரில் பார்த்தேன், எனக்குத் திருப்தி.’

பக்கத்தில் நின்ற குமாஸ்தாப் பெண் சிரித்தாள். அமைதியாக இருந்தால் இந்த இயந்திரம் தானாக எதையாவது எழுதும், உனக்குத் தெரியாதா என்று காதோரம் கேட்டாள். தெரியும். ‘நன்றி’ என்று அது எழுதியதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை. திரையில் அந்த வரி போகாமல் நின்றது. எனக்கு ஈர இலை வாசனை அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த, ஹீட்டர் ஓடுகிற அரங்கத்தில்.

ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். கோட்டுகூட எடுக்கவில்லை. சுரங்கம் ஐந்து நிமிஷ நடை. விளக்கு எரியவில்லை. உள்ளே காலை வைப்பதற்கு முன் நின்றேன். எங்கேயும் தண்ணீர் கிடையாது, இந்த ஊரில் பக்கத்தில் ஓடையே கிடையாது. ஆனாலும் இருட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்கு ஏதோ சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஷூ போட்டிருந்தும் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி இருந்தது. சாமி சத்தியமாக, திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன்.

அந்தக் கடைசியிலிருந்து ஒரு குரல். “யாரது?”

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். ஜோன். சுவரில் கையை ஊன்றி, இருட்டில் இறங்கப் பயந்து, யாராவது வருவார்களா என்று அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் அளவில்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லிவிட்டேன். “என்ன சொன்னாய்?” என்றார். ஒன்றுமில்லை என்று கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தேன். அவர் கை ஐஸ் கட்டி.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் உட்காரக்கூட இல்லை. “மேயர் அவர்களே, விளக்கு எரியவில்லை. இப்போதுதான் அதன் வழியாக வந்தேன். இதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்” என்றார். ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று மேயர் காகிதத்தைத் திருப்பினார். ஜோன் என்னைக் கை காட்டினார். “ஷேக்காவும் வந்தான். அவனைக் கேளுங்கள்.”

பணியாளர் பேசக் கூடாது. மேயர் ஒரு வினாடி யோசித்துவிட்டு, “எரிந்ததா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லை. எரியவில்லை.”

அவ்வளவுதான் சொன்னேன். என் குரல் திரையில் எழுத்தாக ஓடியதைப் பார்த்தேன். சொல்வதற்கு இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

7

வயர்மேன் மாணிக்கம் ரிட்டயராகிச் சின்னசேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடம்தான் செல்வியின் நம்பர் கேட்டேன்.

“அத இப்ப எதுக்கு சார் கெளப்பிக்கினு?” என்றார். கொஞ்ச நேரம் இருமினார். “நான் அந்த வழியில போறதே இல்ல சார். நான் மாட்டின லைட்டு. அத பாத்தா என்னியே பாக்கற மாரி கீது.” பிறகு நம்பரைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பகல் ஒரு மணி, அங்கே விளக்கு வைக்கிற நேரம், கூப்பிட்டேன். செல்விக்கு முப்பத்திரண்டு வயது. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பார்சல் கட்டுகிறாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. யார் என்று சொன்னதும், “ஆபீஸ்ல எழுதுவீங்களே, அந்த சாரா?” என்றாள். குரல் மாறவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், கையெழுத்து, திங்கட்கிழமை, புதன்கிழமை காலையில் மாட்டிய விளக்கு. கம்பத்தடியில் அவளிடம் சொன்ன பொய். இதையெல்லாம் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு என்றேன். அந்தப் பக்கம் யாரோ பார்சல் கேட்டார்கள். இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பேசினாள்.

“நான் கோவப்பட்டா, ஆத்தா புத்தின்னு சொல்லுவாங்க சார். எம் பொண்ணு பொறந்தப்புறம் நான் கெணத்தாண்ட, ஏரியாண்ட போறதே இல்ல. எனக்கும் அது வந்துடுமோன்னு. இருவது வருசம் சார். நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?”

“தப்பும்மா” என்றேன்.

“நாந்தான் காரணம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கி காலைல ஜாமெட்ரி பாக்ஸ் வோணும்னு அழுது, சோறு துன்னாம பள்ளிக்கூடம் போனேன். அத வாங்கித் தர முடியலன்னு மனசு ஒடிஞ்சி வுழுந்துட்டாங்கன்னு. இத நான் யாராண்டயும் சொன்னதில்ல.”

புத்தகத்தைப் பற்றி ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை. ஆபீஸ் காகிதம் எதிலும் அது இல்லை.

“வாங்கிட்டாங்கம்மா” என்றேன். “பச்சைக் கலர். அன்னிக்கி சாயங்காலம் எங்கிட்ட காட்டினாங்க. காம்பஸ் எல்லாம் இருக்குதான்னு தெறந்து பாக்கச் சொன்னாங்க. பையில வச்சிக்கினு பஸ் பிடிக்க ஓடினாங்க.”

ஹாரன் சத்தம் நின்றிருந்தது. தவளை இல்லை, தண்ணீர் இல்லை, ஒன்றுமே கேட்கவில்லை.

“அப்போ,” என்றாள் செல்வி, “எங்கம்மா வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்திச்சா சார்?”